திருத்தங்கலுக்கு வந்த காட்டேரி

மஹ்ரீன் பார்த்த சினிமாவில் ரத்தக் காட்டேரி பனிமலைக் கோட்டையில் குடியிருந்தது. ஊருக்குள் வர குதிரை வண்டி வைத்திருந்தது. அந்தப் படத்தை ஒரு கதை விளையாட்டாக மாற்ற மஹ்ரீனுக்கு ஆசை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் இருக்கும் ஆட்களாக மாறி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

ஆனால் அவள் ஊரான திருத்தங்கலில் பனிக்கு எங்கே போவது?

அச்சகத்தில் வேலை பார்க்கும் அத்தா கொண்டுவந்த பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மஹ்ரீன் ஊரை வரைந்தாள். கோட்டை, பூட்டிக் கிடக்கும் ஒரு அச்சகம் ஆனது. குதிரை வண்டி, வேலையாட்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் ஆனது. பூண்டைக் கண்டால் காட்டேரி ஓடும் என்ற விதியை அடித்துவிட்டாள். எல்லா வீட்டிலும் பூண்டு இருக்கிற ஊரில் பாவம், அது எங்கேதான் போகும்?

ஒரே ஒரு விதியை மட்டும் படத்தில் இருந்தபடியே வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் அழைக்காமல் காட்டேரி வாசலைத் தாண்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் விளையாட வந்தார்கள். ஒருவன் பக்கத்து வீட்டு விக்னேஷ்குமார். இன்னொருத்தி கற்பகவல்லி. தாயில்பட்டியிலிருந்து வந்து இந்த வருடம்தான் இவர்கள் வகுப்பில் சேர்ந்திருந்தாள். யாரிடமும் பேசமாட்டாள், மத்தியானச் சோற்றையும் தனியாகத்தான் சாப்பிடுவாள். அவளை வரவழைக்க மஹ்ரீன் ஒரு வாரமாகக் கெஞ்சியிருந்தாள்.

"கற்பகவல்லி, நீ வீட்டுக்குள்ள இருக்க. கதவை யாரோ தட்டுறாங்க. திறந்தா கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தர் நிக்கிறாரு. என்ன சொல்லுவ?" என்று மஹ்ரீன் கதையைத் தொடங்கினாள்.

"வாங்க" என்றாள் கற்பகவல்லி.

விக்னேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு. விளையாட்டே முடிஞ்சுபோச்சு. காட்டேரியப் போயி யாராச்சும் வாங்கம்பாகளா?"

"வாசல்ல வந்து நிக்கிறவுகள வேற என்ன சொல்ல?" கற்பகவல்லியின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் வீட்டுக்குப் போறேன்."

அவள் எழுந்து செருப்பைத் தேடினாள். மஹ்ரீனும் கூடவே எழுந்தாள். இப்போது போனால் இவள் இனி வரவே மாட்டாள். விதியை மாற்றி அவளை ஜெயிக்க வைக்கலாம். ஆனால் அது ஏமாற்று வேலை. விக்னேஷ் சும்மா விடமாட்டான்.

"விளையாட்டு எங்க முடிஞ்சது? காட்டேரி உள்ளதான வந்திருக்கு, இன்னும் கடிக்கலையே" என்றாள் மஹ்ரீன். "கற்பகவல்லி, வந்தவுகள அடுத்து என்ன கேப்ப?"

கையில் ஒற்றைச் செருப்போடு கற்பகவல்லி யோசித்தாள். "சாப்பிட்டீகளான்னு கேப்பேன்."

"அது உன்னையத்தான் சாப்பிடும்" என்றான் விக்னேஷ்.

மஹ்ரீனுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "ஏலே, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா?"

"பண்ணக் கூடாது."

"அது காட்டேரிக்கும் உண்டுதான?"

விக்னேஷ் மோட்டுவளையைப் பார்த்தான். "உண்டுதான். ஆனா அது சாப்பிடணும்ல. பகடையப் போடு. நாலுக்கு மேல விழணும்."

கற்பகவல்லி செருப்பைக் கீழே வைத்துவிட்டு வந்து பகடையை உருட்டினாள். ஐந்து விழுந்தது.

மஹ்ரீன் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டாள். "நானூறு வருசமா என்னைய யாரும் இப்படிக் கேக்கலையே, தாயி."

கற்பகவல்லி சிரித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் சிரித்து இவர்கள் பார்த்ததே இல்லை. அவள் கதைக்குள் இலை போட்டாள், சோறு வைத்தாள், ரசம் ஊற்றினாள்.

"ரசத்துல பூண்டு இருக்குமே?" என்றான் விக்னேஷ்.

"அந்த விதியத்தான் அடிச்சாச்சே."

காட்டேரி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது. விக்னேஷ் அதை வேனில் ஏற்றிப் பூட்டிக் கிடக்கும் அச்சகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். அன்று யாரும் சாகவில்லை. எல்லோரும் ஜெயித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஹ்ரீன் வீட்டில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. விக்னேஷ்தான் முதலில் ஓடிப்போய்த் திறந்தான். கற்பகவல்லி நின்றிருந்தாள்.

"வா, வா. சாப்பிட்டியா?"

அவள் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டாள்.

"நானூறு வருசமா யாரும் கேக்கலை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.