சூடானால் மட்டும் பிடிக்கும் பிரேக்

காலை 8.40. பாலம் தாண்டிய வளைவில் தையல்கடைக்காரர் இறந்துகிடந்தார். அவருடைய பதினெட்டு வருடப் பழைய மோட்டார் சைக்கிள் பத்தடி தள்ளிச் சாய்ந்திருந்தது. வேறு வண்டி மோதிய அடையாளம் இல்லை. சாலையில் முன்சக்கரம் தேய்த்த கறுப்புக் கோடு. சட்டைப்பையில் ஏதோ ஆஸ்பத்திரி டோக்கன், எண் 17.

காலை 11.15. காவல் நிலைய முற்றத்தில் ஏட்டு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். லேசாகச் சுற்றியது.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு மேடம். கண் அசந்திருப்பாரு."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பிரேக் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. பழுக்கக் காய்ந்து ஆறிய இரும்பின் நிறம்.

பகல் 12.00. இறந்தவரின் மனைவி அழுது ஓய்ந்திருந்தாள்.

"நூல் வாங்கப் போறேன்னு கிளம்பினாரு. நாலு நாள் முன்னாடி பிரேக்கைப் பிரிச்சது என் தம்பி. அவனைக் கேளுங்க."

எதிர் பெஞ்சில் இருந்த தம்பியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவன் மெக்கானிக்.

"என்ன வேலை செஞ்ச?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பிரேக் பேட் மாத்தினேன். பிரேக் ஆயில் மாத்தினேன்."

"ஓட்டிப் பார்த்தியா?"

"பன்னெண்டு கிலோமீட்டர். இறங்கி டிஸ்க் பக்கம் கை வெச்சும் பார்த்தேன். சூடே இல்ல."

"அப்புறம் யாரு தொட்டது?"

"மாமா வண்டியை வேற யாரும் தொட மாட்டாங்க."

பிற்பகல் 3.30. ஹேண்டில் கோணியிருந்தாலும் வண்டி ஓடியது. பிரேக் பிடித்து நின்று நின்று ஓட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஏட்டு மைதானத்தைச் சுற்றினார். இருபதாவது நிமிடம் வண்டி தானாக நின்றது. இரண்டு பேர் தள்ளியும் நகரவில்லை.

"பிரேக் லிவரைக் கழட்டு," என்றார் இன்ஸ்பெக்டர்.

கூட வந்திருந்த மெக்கானிக் ஹேண்டிலில் போல்ட்டைப் பிரித்தான். லிவர் கையோடு வந்ததும் சக்கரம் விட்டுக்கொடுத்தது. லிவரின் உட்புறம், ஆயிலை அழுத்தும் பிஸ்டனைத் தள்ளும் இடத்தில், ஒரு சின்னத் தகடு ஒட்டியிருந்தது.

"நான் வேலை பார்த்தப்ப இது இல்ல. லிவரை விட்டா பிஸ்டன் முழுசா பின்னால வரணும் மேடம். வந்தாத்தான் ஆயில் திரும்பிப் போக வழி திறக்கும். இது வரவிடல. ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக்கிடம் இல்லாம பிரேக்கை அமுக்கும். ஆறினா விட்டுடும்."

தகட்டைத் திருப்பிப் பார்த்தான். "பேண்ட் கொக்கி இது."

பேண்ட் கொக்கி புழங்கும் அந்தத் தையல்கடையில் வேலை பார்த்தது இரண்டே பேர்: இறந்தவரும் அவர் மனைவியும்.

மாலை 5.00. தையல்கடை. மெக்கானிக் வாசலிலேயே நின்றுவிட்டான். நூல்கண்டுகள் அலமாரி நிறைய இருந்தன. ஆணியில் தொங்கிய இறந்தவரின் சட்டையில் பொத்தானுக்குப் பதிலாக அழுத்தும் பட்டன். கத்தரியின் கட்டைவிரல் வளையத்தில் துணி சுற்றியிருந்தது. மேசைமேல் பாதி வெட்டிய துணி.

"யாரு வெட்டினது?"

"நான்தான்," என்றாள் மனைவி. "மூணு மாசமா என்னையே வெட்டச் சொல்றாரு. கண்ணு மங்குதாம்."

இன்ஸ்பெக்டர் கொக்கியை மேசைமேல் வைத்தார்.

"இதை ஒட்டினது உங்க வீட்டுக்காரர். மங்கினது கண்ணு இல்லம்மா, வலது கை. விரல்ல பலம் போயிடுச்சு. பொத்தான் மாட்ட முடியல, கத்தரி நிக்கல, லிவரை முழுசா இழுக்க முடியல. லேசா தொட்டாலே பிடிக்கணும்னு இதை வெச்சிருக்காரு. அது விடாமலும் பிடிக்கும்னு அவருக்குத் தெரியல."

"இல்ல..."

"டோக்கனை வெச்சு விசாரிச்சேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் நரம்பு டாக்டர். மூணு மாசமா போயிட்டு இருக்காரு. வண்டி ஓட்டாதேன்னு சொல்லியும் இருக்காங்க. வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டாராம்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லா வேலையையும் என் தலையில கட்டுறீங்கன்னு சலிச்சுக்கிட்டேன் மேடம். நேத்துகூட. பதிலே பேசாம சிரிச்சாரு."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அக்கா வாசலுக்கு வந்தாள். தம்பி தலை நிமிரவில்லை.

"பலமில்லாத கைக்குன்னே லிவர் வருதுக்கா," என்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாட்டிக் கொடுத்திருப்பேன். அஞ்சு நிமிஷ வேலை."

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்து, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.