கான் பிட்ட ரொட்டி

கோக்சாய் பள்ளத்தாக்கை ஆண்ட மூமின் கான் ஒரு செவ்வாய்க்கிழமை பதவியை விட்டு விலகினார். அவர் போரில் தோற்கவில்லை. யாரும் விரட்டவும் இல்லை. அரியணையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். இனி முலாம்பழத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்.

அடுத்த கான் யார் என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

அவருக்கு மகன் கிடையாது, இரண்டு மகள்கள்தான். மூத்தவள் குல்சோரா. இளையவள் சனோபருக்குப் பத்து வயது. மூத்தவளைக் கட்டிக்கொள்பவருக்கே அரியணை என்று ஒரு பேச்சு கிளம்பியது. கானுக்குக் கீழே ஊர்களை ஆளும் பெக்குகளில் கல்யாணம் ஆகாதவர்கள் அதை உடனே நம்பினார்கள்.

புதன்கிழமை காலை, யோல்தாஷ் பெக்கின் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூமினிடம் நீட்டினார்கள். பெண்ணின் அப்பா அதைப் பிட்டால் நிச்சயம் முடிந்தது என்று அர்த்தம். இது பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும், மூமினைத் தவிர. அவருக்கு இத்தனை வருடமும் வேறு யாரோதான் ரொட்டி பிட்டுக் கொடுத்தார்கள். அவருடைய சொந்த நிச்சயத்தன்று அவர் வேட்டைக்குப் போயிருந்தார்.

சாதாரண மனிதரான தனக்கு வந்த முதல் விருந்தாளிகள் என்ற பெருமையில், மூமின் தன் கையாலேயே ரொட்டியைப் பிட்டார். வந்தவர்கள் அவரைக் கட்டித் தழுவினார்கள். சாதாரண மனிதனுக்கு இவ்வளவு பாசம் கிடைக்குமா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் ஹைதர் பெக்கின் வீட்டார் வந்தார்கள். அவர்களுடைய ரொட்டியையும் பிட்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பெக்குகளும் மாப்பிள்ளை உடையில், குதிரைப்படையோடு அரண்மனை முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் வாளின் பிடியில் கை வைத்தார்கள். மூமின் சமையல் கொட்டகைக்குள் போய், அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். முற்றத்தின் ஓரத்தில் நான்கு வெண்தாடிக்காரர்கள் சுருட்டிய வெள்ளைக் கம்பளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். புதிய கானை அதில் உட்காரவைத்து ஆளுக்கொரு மூலையாகத் தூக்கவேண்டியது அவர்கள் வேலை. யோல்தாஷ் பெக்கின் தொப்பையைப் பார்த்து நான்கு பேரும் கவலைப்பட்டார்கள்.

சனோபர் உள்ளே ஓடினாள். குல்சோரா பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர்ல யாரையாவது பிடிச்சிருக்கா அக்கா?"

"ஒருத்தர் எப்பப் பாத்தாலும் அவரோட குதிரையப் பத்தியே பேசுவார். இன்னொருத்தர் போன தடவ வந்தப்ப என்னையே பாக்கல. கூரையப் பாத்துட்டு, மொத்தம் எத்தன அறைன்னு கேட்டார்."

"அப்போ ரெண்டு பேரும் வேணாம்னு சொல்லிடு."

"சொன்னா சண்டை வரும்டி. அடிபடப்போறது நம்ம ஊர்ப் பசங்க."

சனோபர் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து, இரண்டு குதிரைகளுக்கும் நடுவில் நின்றாள்.

"பெக் மாமா, ஒரு சந்தேகம்."

இரண்டு மாமாக்களும் குனிந்து பார்த்தார்கள்.

"அப்பா செவ்வாய்க்கிழமையே கான் வேலைய விட்டுட்டார். ரொட்டியப் பிட்டது புதன்கிழமை. அப்போ எங்க அக்கா தோட்டக்காரர் பொண்ணுதானே? கட்டிக்கிட்டா முலாம்பழத் தோட்டத்துல பாதி கிடைக்கும். மீதிப் பாதி எனக்கு."

ஹைதர் பெக் சிரித்தார். "தோட்டம் யாருக்கு வேணும் பாப்பா? உங்க அக்கா கான் பரம்பரை. அரியணை அவ வழியாத்தான் வருது."

ஹைதர் சொன்ன எதையும் இதுவரை ஒப்புக்கொள்ளாத யோல்தாஷ் பெக், இதற்கு மட்டும் தலையாட்டினார். "அதுல சந்தேகமே கிடையாது."

"அப்பாகிட்ட இருந்து அது கிளம்பிடுச்சு," என்றாள் சனோபர். "உங்ககிட்ட இன்னும் வரல. அப்போ இப்ப எங்க இருக்கு?"

ஒரு குதிரை தும்மியது.

"அக்காகிட்ட இருக்கு," என்றார் ஒரு வெண்தாடிக்காரர் மெதுவாக. வாய்க்கால் தண்ணீர்த் தகராறு வந்தால் ஒரு வருடமாக எல்லோரும் குல்சோராவிடம்தான் போகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் எப்படி கானாக முடியும் என்று இன்னொருவர் ஆரம்பித்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றி முடித்துக்கொண்டார்.

சனோபர் இன்னும் நகரவில்லை. "பெக் யாராவது கல்யாணம் பண்ணணும்னா கான்கிட்ட அனுமதி வாங்கணும்ல? வாங்கிட்டீங்களா மாமா?"

அரியணை குல்சோரா வழியாகத்தான் வருகிறது என்று தங்கள் படை முழுவதற்கும் கேட்கும்படி சொன்ன வார்த்தையை இரண்டு பெக்குகளாலும் விழுங்க முடியவில்லை. கம்பளம் விரிந்தது. குல்சோரா வெளியே வந்து அதில் உட்கார்ந்தாள். வெண்தாடிக்காரர்கள் பயந்த அளவுக்குக் கனம் இல்லாததால், தேவைக்கு மேலேயே உயரத் தூக்கிவிட்டார்கள்.

அவள் கம்பளத்திலிருந்து இறங்கியதும் பெக்குகள் ஒவ்வொருவராக வந்து கல்யாணத்துக்கு அனுமதி கேட்டார்கள். புதிய கான் இருவருக்கும் மிகுந்த மரியாதையோடு மறுத்துவிட்டாள். தனக்குக் கிடைக்கவில்லை என்று ஆளுக்குக் கொஞ்சம் வருத்தம். மற்றவனுக்கும் கிடைக்கவில்லை என்பதில் பெரிய நிம்மதி. கைகள் வாளை விட்டன.

சமையல் கொட்டகையில் இரண்டு கல்யாணத்துக்கும் சேர்த்துப் புலாவ் வெந்துகொண்டிருந்தது. எல்லோரையும் உட்காரச் சொல்லிப் பரிமாறும்படி குல்சோரா கான் தன் முதல் கட்டளையைப் போட்டாள்.

அன்று கோக்சாயில் யாருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. கல்யாணச் சாப்பாடு மட்டும் பிரமாதமாக நடந்தது.