கீழே விழுந்த கத்தரி

வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் மார்புக்கு நேரே கோத்திருந்தாள். கும்பிடுகிறாளா, குளிர்கிறதா என்று துப்பறிவாளரின் உதவியாளன் பட்டாசுக்குப் புரியவில்லை.

"ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் சார் நான். டாக்டர் கையை நீட்டினா, கேக்கறதுக்குள்ள கருவி அதுல இருக்கணும். இப்ப ஒரு நோயாளிக்குக் காயம் சீழ் பிடிச்சு உயிர் ஊசலாடுது. தரையில விழுந்த கத்தரியை நான் குனிஞ்சு எடுத்துக் கொடுத்தேனாம். சாயங்காலம் விசாரணை. பழி நிலைச்சுதுன்னா எந்த ஆஸ்பத்திரியும் என்னை வாசப்படி ஏத்தாது."

"கத்தரி விழுந்தது நிஜமா?" என்றார் துப்பறிவாளர். 'நிதானம்' என்று பட்டப்பெயர் வாங்கியவர். அவருடைய உதவியாளனுக்கு 'பட்டாசு' பொருத்தம்தான்.

"நிஜம் சார். வழுக்கிடுச்சு. ஓட்டக்காரரை மாத்துக் கத்தரி கேட்டேன். அவர் மேஜையில போட்டாரு, எடுத்துக் கொடுத்தேன்."

ஓட்டக்காரர் என்பவர் தியேட்டருக்குள் சுற்றி வந்து, வேண்டியதைக் கொண்டுவந்து தரும் உதவியாளர். இப்போது இவளுக்கு எதிர்சாட்சியும் அவரே.

"போட்டதைப் பார்த்தீங்களா?"

"ரத்தம் பீறிட்டுது. என் கண்ணு காயத்துலதான். முடிஞ்சப்புறம், விழுந்தது எங்கேன்னு கேட்டேன். கழுவ அனுப்பிட்டேன்னாரு."

நிதானத்தின் பேனா உருண்டு அவள் காலடியில் விழுந்தது. அவள் குனியவில்லை, கைகள்தான் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன. பட்டாசு பாய்ந்து எடுத்தான்.

அவள் போனதும் பொரிந்தான். "என்ன திமிரு அண்ணே! ஒரு பேனா எடுத்தா வளையல் உடைஞ்சிடுமா? இவதான்!"

"திரியை அணைச்சுட்டு வண்டியை எடு."

ஆஸ்பத்திரியில் சர்ஜன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நான் எதையும் பாக்கல. சுத்தமான கருவி வர்ற உறை கிழியற சத்தம் மட்டும் கேட்டுது. அப்புறம் வந்த கத்தரி வெட்டல, மென்னுது."

இந்த ஆள் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்று பட்டாசு சந்தேகத்தை இடம் மாற்றினான்.

கருவி கழுவும் அறையில் இருந்த அம்மா, முனை வளைந்த நீளக் கத்தரி ஒன்றைக் காட்டினாள். "அன்னிக்கு அந்த ஆபரேஷன்லேருந்து இந்த ரகத்துல வந்தது இது ஒண்ணுதான்யா. ரிப்பேருக்கு எடுத்து வெச்சேன்."

விசாரணை அறையில் ஓட்டக்காரர் அடித்துச் சொன்னார். "மாத்துக் கத்தரியா? நான் உறையே கிழிக்கல சார். அந்தம்மாதான் குனிஞ்சு எடுத்தாங்க."

நிதானம் மேஜையிலிருந்த கத்தரியைத் தட்டிவிட்டார். 'ணங்.'

சர்ஜனும் அவளும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். நான்கு கைகளும் மார்புக்கு ஏறின. ஓட்டக்காரர் மட்டும் குனிந்தார். எடுத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

"கையைச் சுத்தம் பண்ணி கவுன் போட்டவங்க இடுப்புக்குக் கீழ கையை இறக்க மாட்டாங்க. விழுந்ததை எடுக்கறது உங்க வேலை. ஆனா பழக்கம் சாட்சி ஆகாது," என்றார் நிதானம். "சத்தம் ஆகும். உறை கிழிஞ்சதை டாக்டர் கேட்டிருக்கார். புதுசு வந்திருந்தா கழுவ ரெண்டு கத்தரி போயிருக்கணும். போனது ஒண்ணு, அதுவும் விழுந்து முனை வளைஞ்சது. அப்படின்னா உறைக்குள்ள இருந்தது விழுந்த கத்தரியேதான். காலி உறையில அதைப் போட்டு, புதுசு மாதிரி கிழிச்சுக் கொட்ட உங்களைத் தவிர அங்க யாரால முடியும்?"

ஓட்டக்காரர் கையிலிருந்த கத்தரியை மேஜையில் வைத்தார். "மாத்துக் கத்தரியை ஆவியில வெச்சுக் கிருமி நீக்க மறந்துட்டேன். டாக்டர் கத்தினாரு. ஸ்பிரிட்ல துடைச்சா போதும்னு நெனச்சேன் சார்..."

பட்டாசு அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். வளையல் ஞாபகம்.

சர்ஜன் எழுந்தார். "இந்தம்மா மேல தப்பில்லைன்னு நானே எழுதித் தரேன்." கையை நீட்டினார்.

கேட்பதற்குள் அந்தக் கையில் ஒரு பேனா இருந்தது.

"தரையில விழாதது டாக்டர்," என்றாள் அவள்.