காலை ஆறு மணி விமானம்

"எட்டாவதோட நின்ன நீ, எனக்குப் பயணம் சொல்லித் தர்றியா?"

அவள் வேலை பார்க்கும் விமான டிக்கெட் அலுவலகத்தில், பத்துப் பேர் முன்னால் அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. கேட்டவன், அவள் அக்கா சமையல் வேலை பார்க்கும் வீட்டின் மாப்பிள்ளை. "சார், வரும்போது மட்டும்..." என்றுதான் அவள் ஆரம்பித்திருந்தாள்.

"போற டிக்கெட்டைக் குடு. வர்றதை நான் பாத்துக்கறேன்."

கூச்சக்காரி. போகிற டிக்கெட்டை மட்டும் அடித்துக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து, காலை 10:40. அக்கா போனில் அழைக்க, அவள் அந்த வீட்டுக் கூடத்தில் வந்து நின்றாள். அக்காவின் பை தரையில் கவிழ்க்கப்பட்டிருந்தது: சீப்பு, பழைய புடவை, தலைவலி மாத்திரை.

"ஏழரைக்குக் குளிக்கப் போனேன். எட்டுக்கு வந்தா பீரோ தொறந்து கெடக்கு, வைர மாலை இல்ல," என்றாள் வீட்டு அம்மாள். "வீட்டுல இவ ஒருத்திதான். பதினொரு மணிக்குப் போலீஸ் வருது."

"பூட்டை உடைச்சிருக்காங்களாம்மா?" என்று கேட்டாள் தங்கை.

"இல்ல. சாவி என் தலையணைக்கடியில."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"என் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும். பொண்ணு வெளியூர். மாப்பிள்ளை அப்போ வானத்துல இருந்தார்."

மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டுச் சிரித்தான். "துப்பறிய வந்துட்டாங்க அத்தை! கேளும்மா, கேளு."

"எந்த விமானம் சார்?"

"அங்க காலை ஆறு மணி, நேர் விமானம். நாலரை மணி நேரம். அங்க கடிகாரம் ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடும். அப்போ இங்க எட்டுக்கு இறங்கினேன். கழித்தல் வருமில்ல?"

"விமான நிலையம் பத்து நிமிஷம்தானே, எட்டு அம்பதுக்கு டாண்ணு பெட்டியோட வாசல்ல நின்னார்," என்று பூரித்தாள் மாமியார்.

"நாலரை மணி நேரம்னு எப்படி சார் சொல்றீங்க?"

"போகும்போது நாலரை. மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். வரும்போது ஊர் நகர்ந்து போயிடுமா?"

அன்று அறுந்த வாக்கியத்தை அவள் மெல்ல முடித்தாள்.

"வரும்போது மட்டும் ஒரு மணி நேரம் கூட ஆகும் சார். மேல காத்து மேற்கேயிருந்து கிழக்கே அடிக்கும். அந்த ஊர் கிழக்கே, அதனால போகும்போது முதுகுல தள்ளும், வரும்போது மூஞ்சியில அடிக்கும். அந்த விமானம் ஒன்பதுக்குத்தான் இறங்கும். இன்னிக்கு ஒன்பது அஞ்சு. போன்லயே பாருங்கம்மா. விமானம் வானத்துல இருக்கும்போதே சார் இங்க வந்து மணி அடிச்சிருக்கார்."

கால்மேல் இருந்த கால் இறங்கியது.

வீட்டு அம்மாள் போனைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகள். ஒரு காலுறைக்குள் வைர மாலை. மகாராசன் ஊருக்குப் போகவே இல்லை; காலையில் அக்கா அடுப்படியில் இருக்கும்போது பின்வாசல் வழியாக வந்து எடுத்திருக்கிறான். பத்து நாளும் பக்கத்துத் தெரு விடுதியில் படுத்துக்கிடந்து, போகிற டிக்கெட்டை வைத்தே திரும்பும் நேரத்தையும் கணக்குப் போட்டிருக்கிறான். படித்தவன்.

அம்மாள் போலீசை வர வேண்டாம் என்றாள். அக்காவிடம் திரும்பினாள்.

"குடும்ப விஷயம், வெளியில போகக்கூடாது. நீயும் மனசுல வெச்சுக்காதே. நேரமாச்சு பாரு, மாப்பிள்ளை பசி தாங்கமாட்டார்."

அக்கா குனிந்து சீப்பையும் புடவையையும் மாத்திரையையும் பைக்குள் போட்டாள். இடுப்பிலிருந்த சமையலறைச் சாவியை எடுத்து மாப்பிள்ளையின் பெட்டிமேல் வைத்தாள். தங்கையோடு படியிறங்கிப் போனாள்.