கண்ணாடியில் தெரிந்த வானம்

"என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குற ஆள் இல்ல சார். ஆனா அவரே ஒத்துக்கிட்டாரு" என்றாள் துப்பறிவாளரைத் தேடி வந்த பெண்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. பின்னாலேயே அவள் தம்பி வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். அவனும் அவள் கணவன் வேலை செய்யும் முதலாளியிடமே லாரி ஓட்டுகிறவன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

லாரி ஏறி, சாலையோரம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் செத்துப்போயிருந்தார். லாரியில் ஆள் இல்லை. புது விதிப்படி ஓட்டுநர் தன் அட்டையைச் செருகினால்தான் லாரி கிளம்பும்; அனுமதித்த நேரம் தீர்ந்தால், ஓய்வெடுக்காமல் அந்த அட்டையில் மறுபடி கிளம்பாது. செருகியிருந்தது அவள் கணவனின் அட்டை. போலீஸ் அவனை வீட்டில் பிடித்தது.

துப்பறிவாளர் எல்லோரையும் லாரி நிற்கும் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

"உங்க வீட்டுக்காரர் எவ்வளவு உசரம்?"

அவள் துப்பறிவாளரின் குள்ளமான உதவியாளரைக் காட்டினாள். "இவரு உசரம்தான்."

"ஏறி உக்காருப்பா. உன் உசரத்துக்கும் ஒரு வேலை வந்திருக்கு."

உதவியாளர் ஆர்வமாக ஏறினார். உடையாத பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"வானம் சார். ரோடே தெரியல. சீட்டை எப்படி நகர்த்தினாலும் அதே வானம்தான்."

"கண்ணாடியைத் தன் கண்ணுக்கு ஏத்த மாதிரி திருப்பாம எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான். ஓட்டினவன் நல்ல உசரம்." துப்பறிவாளர் தம்பியிடம் திரும்பினார். "அட்டையையும் குடுத்துட்டு ஜெயிலுக்கும் போறதுன்னா, அது முதலாளிக்காக இருக்காது, வீட்டு ஆளுக்காகத்தான். நீ ஏறிப் பாக்கறியா?"

அவன் ஏறவில்லை.

"என் நேரம் தீந்துபோச்சுக்கா. வண்டி நின்னா அடுத்த லோடு கிடையாதுன்னாரு முதலாளி. மாமாவுக்கு அன்னிக்கு லீவு. அட்டையைக் கேட்டேன், குடுத்தாரு. எல்லாரும் பண்றதுதான். கண்ணு சொருகிடுச்சு. பயத்துல ஓடிட்டேன்."

"இப்ப உண்மையைச் சொன்னா?" என்று அவள் கேட்டாள்.

"உங்க தம்பி உள்ள போவான். அட்டை குடுத்ததுக்கு உங்க வீட்டுக்காரரோட லைசென்ஸும் போயிடும். ஆயுசுக்கும்."

"முதலாளிக்கு?"

"ஒண்ணுமில்ல. அட்டைக்கு ஓட்டுநர்தான் பொறுப்புன்னு விதியில எழுதியிருக்கு."

அவள் லாரியின் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றாள். அதைக் கழுவியிருந்தார்கள்.

"ரெண்டு பேரு சம்பாத்தியமும் போனா ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது. அவருதான் ஓட்டினாரு சார். நான் உங்ககிட்ட வரவே இல்ல."

"செத்தவர் வீட்டுல என்னம்மா சொல்றது?" என்றார் உதவியாளர், இருக்கையில் உட்கார்ந்தபடியே.

தம்பி அவள் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் தரவில்லை.

"நீ முன்னாடி போ. என்கூட நடக்காதே."