மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு மையித்து

“அல்லாஹ்வே... எங்கட ஆள் மௌத்தாயிட்டாரே...!”

ரயில் பெட்டிக்குள்ளிருந்து அந்த அலறல் வந்தபோது, அதே பெட்டியில் ஏறுவதற்காக வாசலில் ஒரு கலியாண வீட்டு அளவு சனம் நசிந்துகொண்டிருந்தது.

மட்டக்களப்பு வாவிக் கரையோரம் ஒரு சிறிய ரயில் நிலையம். நீண்ட விடுமுறை முடிந்து கொழும்புக்குத் திரும்பும் கூட்டம். கதவால் ஏற முடியாதவர்கள் ஜன்னலால் கைலேஞ்சியை எறிந்து இருக்கை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நெரிசலைக் குறைப்பதற்கென்றே உதயரூபன் என்ற அதிகாரியைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சிங்கப்பூரில் நிலத்தடி ரயில் நிலையம் ஒன்றில் பயிற்சி பெற்றவர். இங்கே நிலத்தைத் தோண்டினால் வாவித் தண்ணீர்தான் வரும் என்று அங்கே யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மேடை முழுக்க மஞ்சள் அம்புக்குறி கீறியிருந்தார். சனம் அம்புகளின் மேல் பேப்பர் விரித்து, உட்கார்ந்து, சோற்றுப் பார்சலை அவிழ்த்தது.

“ஏறுற ஆக்கள் அம்பில வரிசையா நில்லுங்க...” என்று ஒலிபெருக்கியில் கெஞ்சிக் கெஞ்சி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அலறல் கேட்டு இன்ஸ்பெக்டர் மதுரன் ஓடி வந்தார்.

“ஆர் கண்டது? சாட்சிக்காரர் முன்னால வாங்க. பேர், விலாசம் தாங்க. கோட்டுக்கு வரவேண்டி வரும்.”

அவ்வளவுதான்.

வாசலும் பெட்டியும் காலி. எறிந்த லேஞ்சிகளைக்கூட யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பாதிப் பேர் பஸ்ஸுக்கு நடையைக் கட்டினார்கள். மிச்சப் பேர், பிறந்ததிலிருந்து எதையுமே கண்டிராத முகத்தோடு, அம்புக்குறியில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

மதுரன் பெட்டிக்குள் ஏறினார்.

உள்ளே இரண்டே பேர். ஓர் இருக்கையில் நீட்டிப் படுத்திருந்தாள் உம்மு குல்தூம். எதிர் இருக்கையில், முகத்தைத் துவாயால் மூடியபடி அவள் கணவன் அசனார்.

“புருஷன் செத்துக் கிடக்கிறார். நீங்க ஏன் படுத்துக் கிடக்கீங்க?”

“முதுகெலும்பு சேர். நாளைக்குக் கொழும்பில ஒப்பரேஷன். இரிக்கவும் ஏலா, நிக்கவும் ஏலா. நாளைக்கு உட்டா மறுகா வருஷக் கடைசியிலதான். அதுக்குள்ள காலு ரெண்டும் விளங்காமப் போயிடும் எண்டு டொக்டர் செல்லிட்டார்.”

“இந்த நேரத்திலயும் ஒப்பரேஷன் நினைப்பா?”

“அவருக்கு இனி ஒண்டும் தேவல்லையே சேர். எனக்குத்தானே தேவை.”

மதுரனின் புருவம் உயர்ந்தது. அவருடைய அனுபவத்தில், இப்படிப் பேசும் மனைவிகள் எல்லாரும் கொலைகாரிகள். அந்த அனுபவம் முழுவதும் டீவியில் பார்த்தது.

“கடைசியா என்ன குடிச்சவர்?”

“நான் ஊத்திக் குடுத்த தேத்தண்ணி.”

பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்தார். இஞ்சி மணத்தது. இஞ்சிக்குள் எதையும் ஒளிக்கலாம்...!

“உடம்ப இறக்கி மரண விசாரணைக்கு அனுப்போணும். நீங்களும் இறங்குங்க. பொலிஸுக்குப் போவம்.”

“நான் இறங்கமாட்டன். இந்த ரயில உட்டா நான் முடிஞ்சன் சேர்...”

அவள் இப்போதுதான் உண்மையாக அழுதாள். பாவம், அந்த அழுகையைத்தான் மதுரன் நடிப்பு என்று நினைத்தார்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு சார்ஜன்ட் சாலிஹ் ஏறினார். அழுகிற பெண்ணைக் கண்டதும் குரலைத் தணித்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும், ராத்தா.”

“வஅலைக்குமுஸ் ஸலாம்.”

பதில் இரண்டு குரலில் வந்தது.

ஒன்று பெண் குரல். மற்றது... துவாய்க்கு அடியிலிருந்து!

சாலிஹ் ஸ்ட்ரெச்சரைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். மதுரன் துவாயை உருவினார். செத்துக் கிடந்த மையித்து வெட்கத்தோடு எழுந்து உட்கார்ந்தது.

“ஸலாம் செல்லிட்டா பதில் செல்லாம இரிக்க ஏலா சேர்,” என்றார் அசனார். “அது சின்ன வயசுப் பழக்கம். சாவுறது இண்டைக்குத்தான் பழகினன்.”

“பொலிஸோட விளையாட்டா? உள்ள போடுவன்.”

“போடுங்க சேர். இவளக் கொழும்பில சேத்துட்டு வாறன், மறுகா போடுங்க. சீட் பதியப் போன நேரமெல்லாம் முடிஞ்சி எண்டாங்க. அந்தச் சனத்துக்குள்ள இவள் எப்பிடிப் படுத்துப் போற? இவள் நடக்கோணும். எனக்கு அது போதும்.”

மதுரன் விலங்கை எடுத்தார்.

“ஐசே... நிப்பாட்டுங்க.”

வாசலில் உதயரூபன். கையில் போன். முகம் முழுக்கச் சிரிப்பு.

“இவர் உயிரோட வெளியில வந்தா சனம் திரும்ப ஓடி வந்து ஏறும். அங்க பாருங்க, வரிசை! போட்டோ எடுத்து அனுப்பிட்டன். ‘அம்புக்குறித் திட்டம் பெரும் வெற்றி’ எண்டு மேலிடத்தில இருந்து பாராட்டு வந்திட்டு. ரயில் வெளிக்கிடும் வரைக்கும் இவர் பிணம்தான்.”

மதுரன் யோசித்தார். பிணம் ஸலாத்துக்குப் பதில் சொன்னது என்று அறிக்கை எழுதினால், தனக்கு அடுத்த இடமாற்றம் எந்தக் காட்டுக்கு என்று கணக்குப் போட்டார்.

விலங்கு பைக்குள் போனது. துவாய் பழையபடி முகத்துக்குப் போனது.

ரயில் நகர்ந்தது. உம்மு குல்தூம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதுகைச் சரித்துப் படுத்தாள். உதயரூபன் அசனாரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டபடி ஜன்னலோடு கூடவே ஓடினார்.

“காக்கா... வாற லீவுக்கும் இப்பிடித்தான் சனம் வரும். ஒருக்கா வந்து செத்துத் தர ஏலுமா?”

துவாய் கொஞ்சம் விலகியது.

“அதுக்கென்ன சேர், செஞ்சி தருவம். ஆனா இவளத் திருப்பிக் கூட்டிட்டு வாறதுக்குக் கொழும்பில ஒருக்கா மௌத்தாக வேண்டிக் கிடக்கு... அத முடிச்சிட்டு வாறனே!”