சுண்டுவிரல் இல்லாத கால்

"கையை நீட்டுடி! அந்தக் கைமடிப்புல என்ன?"

மாமியார் தோமே போட்ட சத்தத்தில் நூயி அப்படியே நின்றுவிட்டாள். கிமோனோ கையில் ஒளித்திருந்த துணிப்பை விழுந்து அரிசி சிதறியது.

"பார்த்தியா! பொறந்த வீட்டுக்குக் கடத்துறே... இந்தப் பத்து வருஷத்துல உனக்கு என்னடி குறை வெச்சேன்? உன் அண்ணனுக்கு ஆள் அனுப்பிட்டேன். மத்தியானம் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போகட்டும்!"

"அது என் பங்கு அரிசி, அத்தை..."

"உன் பங்குன்னா நீ தின்னு! யாருக்குடி அது?"

நூயி குனிந்து சிதறிய அரிசியைப் பைக்குள் அள்ளினாள். குளிர்காலம் முழுக்க வெறும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்று, அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. கணவனோ மீன்பிடிக் கப்பலில். போய்விடலாம்தான். ஆனால் நாளைக் காலையில் இந்த வாசலில் யார் நிற்பது?

தெருக்கோடியில் "ஹோ... ஓ..." என்று குரல் எழுந்தது. மடத்துத் துறவிகள் பிச்சைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நூயியின் கண் தன்னை அறியாமல் வாசலுக்குப் போனது.

"ஓ... இந்த மொட்டைங்களுக்கா!" தோமே பையைப் பிடுங்கினாள். "என் எய்சாக்கு போய் மூணு வருஷமாச்சு. இருக்கானா செத்தானான்னு தெரியல. எந்தச் சாமிடி காப்பாத்துச்சு? இன்னிக்கு நானே துரத்துறேன்!"

"செத்தாலும் இந்தப் படியை மிதிக்காதே" என்று சின்ன மகன் எய்சாக்குவை விரட்டியவளும் அவள்தான். அன்றிலிருந்து சாமி மேலிருந்த கோபத்தில் எந்தத் துறவிக்கும் அவள் கை நீட்டியதில்லை.

வாசலில் கடைசித் துறவி நின்றிருந்தார். பெரிய பிரம்புத் தொப்பி முகத்தை முழுக்க மறைத்திருந்தது. வாங்குபவர் அதைத் தூக்கக் கூடாது, கொடுப்பவர் எட்டிப் பார்க்கக் கூடாது.

"போய்யா அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தவளின் பார்வை கீழே போனது. பனியில் வைக்கோல் செருப்பு. இடது காலில் சுண்டுவிரலைக் காணோம். எய்சாக்கு எட்டு வயதில் விறகு பிளக்கப் போய்த் துண்டாகிப்போன விரல்! தன் கிமோனோவைக் கிழித்து அவளே கட்டுப்போட்ட கால்!

பையிலிருந்த அரிசி முழுவதையும் திருவோட்டில் கொட்டினாள்.

"கால்ல... துணி சுத்திக்கக் கூடாதா, சாமி?"

மந்திரம் சொன்ன குரல் சட்டென்று அறுந்தது. துறவி குனிந்தார், நெடுநேரம் நிமிரவே இல்லை. பிறகு வரிசையோடு போய்விட்டார்.

தோமே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவி... ஏண்டி சொல்லல?"

"இது அவர் பொறந்த வீடுன்னு மடத்துல தெரிஞ்சா இந்தத் தெருவுக்கே அனுப்ப மாட்டாங்க, அத்தை. நானும் பேசினதில்ல. குனிஞ்சு போடறப்ப அந்தக் கால் தெரிஞ்சுது... அவ்வளவுதான்."

"அதுக்காகத் திருடிங்கற பட்டத்தைச் சுமந்தியேடி, என் தாயே!" மருமகளைக் கட்டிக்கொண்டு தோமே கதறினாள்.

மத்தியானம் அண்ணன் வந்து, தயங்கியபடி வாசலில் நின்றான். "தங்கச்சியைக் கூட்டிட்டுப் போகச் சொன்னீங்களாமே..."

தோமே உரித்துக்கொண்டிருந்த கிழங்கிலிருந்து தலை தூக்கவில்லை.

"எங்கே கூட்டிட்டுப் போறது? அவ சோறு சாப்பிடறா. சத்தம் போடாதே."